தீர்ப்புக்குப் பின் ஆடிய ஆட்டங்கள்

பலனைக் கருதாமல் கடமையைச் செய்க என்பது நம் மக்களின் செவியில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் உபதேசமாகும். இவ்வுபதேசம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று வாதிடுவோர் பலர். இதனை யார், யாருக்கு, எந்தச் சமயத்தில் சொல்லுகிறார்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. பலனைத் தாமாகவே வேண்டாமென்று விடுகிறவர் ஒருவர். பலனைப் பிறர் எடுத்துக்கொண்டு போய்விட, பார்த்துக்கொண்டு நிற்கிறவர் மற்றொருவர். இருவர் கையும் வெறுங்கைதான். ஆயினும் இருவரையும் ஒரே சொல்லால் புகழ்ந்துவிடுவது நியாயமாகுமா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண வேதாந்த நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் வட்டாரத்திலுள்ள டான்காஸ்டர் என்னும் நகரத்தின் பெண்கள் காற்பந்துக் குழுவொன்று, 2013ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலையாய லீக் பந்தயத்தில் ஆடிய ஒரு பருவத்தை எடுத்துப் பார்த்தாலே போதும். விளையாட்டுச் செய்தியில் தரும விசாரணைக்கு என்ன இடமென்று வாசகர்கள் நகைக்க வேண்டாம். உலக வாழ்வின் மற்றத் துறைகளில் நியாயம் பலவகைத் திரைகளுக்குப் பின்னே மறைந்து நிற்கிறது. ஆட்டக்களத்திலோ விதி இன்னது, வெற்றி இன்னது, தோல்வி இன்னது என்பது வேலியோரம் நின்று பார்க்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆதலால் அங்கே நியாயம் சற்றே பிசகினாலும் அப்பிசகு எல்லோர் கண்ணுக்கும் பட்டுவிடுகிறது.

டான்காஸ்டர், இரயில் பட்டறைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பேர்போன தொழிலாளர் ஊர். அவ்வூர் ஆண்கள் குழுவாகிய ரோவர்ஸ் ஆடி வந்த பெல் வியூ மைதானத்தில், பந்தயம் பார்க்க வருவோரிடம் பரிசுச் சீட்டு விற்று வந்த சில இளம்பெண்கள், 1969ஆம் ஆண்டில் தாங்களே ஒரு காற்பந்துக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். மைதானத்தின் பெயரைத் தழுவியே ‘பெல் வியூ பெல்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதுவே பின்னர் டான்காஸ்டர் பெல்ஸ் என்றும், டான்காஸ்டர் ரோவர்ஸ் பெல்ஸ் என்றும் வழங்கலாயிற்று. ஆண்கள் ஆடுவதற்குச் சீட்டு விற்றுக் கொடுத்தவர்கள், தாமே ஆடப் புறப்பட்டது அக்காலத்தில் சிறிய காரியமன்று. அதன் அருமையை அறிய வேண்டுமாயின் இன்னும் ஐம்பது ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதல் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த பெண்கள் காற்பந்து ஆடத் தொடங்கினார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் குழு அவர்களுள் தலைசிறந்தது. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அக்குழு ஆடியபோது, பார்க்க வந்த கூட்டம் 50,000-க்கும் அதிகம். மறு ஆண்டே, 1921 டிசம்பர் 5ஆம் தேதி, இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது. இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று. ஆகவே தன்னைச் சேர்ந்த குழுக்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கலாகாது என்பதே அதன் சாரம். அத்தடை நீங்கியது 1971ஆம் ஆண்டில்தான். நம் டான்காஸ்டர் பெண்கள் குழு அமைத்த 1969இல் அத்தடை அமலில் இருந்தது. நாட்டின் முறையான மைதானங்கள் அடைத்துக் கிடந்த காலத்தில், திறந்தவெளிப் புல்தரைகளில் பிறந்த குழு அது.

அப்படிப் பிறந்த குழு என்ன செய்தது? 1983 முதல் 1994 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளில், பெண்கள் காற்பந்துக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு 11 முறை வந்தது. அவற்றுள் 6 முறை கோப்பையை வென்றது. பெண்களுக்கான தேசிய லீக் 1991–92இல் முதன்முதலாக நடைபெற்றபோது முதல் வாகை சூடியதும் இக்குழுவே. 1993–94இல் மீண்டும் சூடியது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இக்குழுவில் ஆடிய கில்லியன் கோல்டார்ட், இங்கிலாந்துக்காக 100 ஆட்டங்கள் ஆடிய முதற்பெண் என்னும் பெருமையைப் பெற்றார். 2011ஆம் ஆண்டில் எட்டுக் குழுக்களைக் கொண்டு பெண்கள் சூப்பர் லீக் என்னும் புதிய பந்தயம் தொடங்கப்பட்டபோது, அவ்வெட்டனுள் பெல்ஸும் ஒன்று. 1991 முதல் 2013 வரை மேல்தரத்தைவிட்டு அது ஒருமுறையும் இறங்கியதில்லை.

2013ஆம் ஆண்டுப் பருவம் ஏப்ரல் மாதத்தில் தொடங்கிற்று. ஒவ்வொரு குழுவுக்கும் 14 ஆட்டங்கள். பெல்ஸ் ஒரே ஓர் ஆட்டம் ஆடி முடித்திருந்த நிலையில் காற்பந்துச் சங்கத்தின் அறிவிப்பு வந்தது. 2014 முதல் சூப்பர் லீக் இரண்டு தரங்களாகப் பிரிக்கப்படும். முதல் தரத்தில் பெல்ஸ் இராது, இரண்டாம் தரத்தில்தான் ஆடும். அதன் இடத்தில் மான்செஸ்டர் சிட்டியின் பெண்கள் குழு ஆடும் என்பதே அவ்வறிவிப்பு. மான்செஸ்டர் சிட்டி அதுவரை சூப்பர் லீக்கிலேயே ஆடியதில்லை. அதற்கு அடுத்தபடியான லீக்கில் ஆடி வந்தது. அங்கும் அந்த ஆண்டு முதலிடம் பெற்றது சண்டர்லாந்தேயன்றிச் சிட்டியன்று. முதலிடம் பெற்ற சண்டர்லாந்துக்கோ இரண்டாம் தரத்தில்தான் இடம் கிடைத்தது. டான்காஸ்டர் குழு மேல்முறையீடு செய்தது, அதுவும் தள்ளப்பட்டது. எஞ்சியிருந்தவை 13 ஆட்டங்கள். அவற்றில் வென்றாலும் தோற்றாலும் தங்கள் இடம் மாறாது என்று தெரிந்தே அப்பெண்கள் அத்தனையும் ஆட வேண்டியிருந்தது.

காற்பந்துச் சங்கத்தின் பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். அத்தீர்மானம் இருட்டறையில் செய்யப்பட்டதன்று. எல்லாக் குழுக்களிடமிருந்தும் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. பண நிர்வாகம், வருவாய் தேடும் வழி, மைதான வசதி, ஆட்டக்காரர்களையும் இளையோரையும் பயிற்றும் ஏற்பாடு ஆகியவை அளவுகோல்களாக வைக்கப்பட்டன. பெண்கள் ஆட்டம் வளர வேண்டுமாயின் நல்ல மைதானம் வேண்டும், மருத்துவர் வேண்டும், பகலெல்லாம் வேறு வேலை பார்த்து இரவில் பயிற்சிக்கு ஓடிவரும் நிலை மாறி, ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளத்தக்க ஊதியம் வேண்டும். இவற்றையெல்லாம் வெறும் பழம்பெருமை கொடுத்துவிடாது, பணம்தான் கொடுக்கும். 2008 முதல் அபுதாபி அரச குடும்பத்தவரின் முதலீட்டைப் பெற்றிருந்த மான்செஸ்டர் சிட்டியால் அதைக் கொடுக்க முடிந்தது. 2014இல் சிட்டிப் பெண்கள் லீக் கோப்பையை வென்றார்கள். 2016இல் ஒரு தோல்வியுமின்றிச் சூப்பர் லீக் வாகையே சூடினார்கள். ஆகவே சங்கத்தின் கணக்கு முழுதும் பொய்யென்று யாரும் சொல்ல இயலாது.

பழமை என்னும் ஒரே காரணத்துக்காக ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்று வாதிடுவோர் கூட்டத்தில் நாமும் இல்லை. பழையதெல்லாம் நல்லதென்றால், பெண்களுக்குக் காற்பந்து ஆகாது என்ற 1921ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் நல்லதென்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகும். ஆகவே பெல்ஸ் நெடுநாள் இருந்த குழு, அதனால் என்றும் இருக்கவேண்டும் என்பது நம் கட்சியன்று. நாம் கேட்பவை வேறு இரண்டு கேள்விகள்.

முதலாவது, அளவுகோலைப் பற்றியது. உனக்கு மைதானம் உண்டா, பணம் உண்டா, ஏற்பாடுகள் உண்டா என்று கேட்டவர் யார்? ஐம்பது ஆண்டுக் காலம் இப்பெண்களின் முன்னோருக்கு மைதானத்தைக் கொடாதே என்று கட்டளையிட்டு வைத்திருந்த அதே சங்கம். அத்தடைக்காக அது 2008ஆம் ஆண்டில் வருத்தமும் தெரிவித்தது. அவ்வருத்தம் மெய்யென்றே நாம் கொள்வோம். ஆயினும் ஒருவனைப் பள்ளிக்கூடத்து வாயிலிலேயே மறித்து நிறுத்திவிட்டுப் பின்னாளில், ‘எழுதப் படிக்கத் தெரியாத உனக்கு உத்தியோகம் எப்படிக் கொடுப்பது?’ என்று கேட்பது எத்தகைய நீதி? கேள்வி ஒழுங்கான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கும் வாய், தான் முன்பு செய்ததையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டது. இல்லாமையை உண்டாக்கியவரே இல்லாமையைக் குற்றமாக எழுதலாகாது.

இரண்டாவது, காலத்தைப் பற்றியது. இதுவே முதன்மையானதென்பது நம் அபிப்பிராயம். தோட்டங்களில் வாழ்ந்த நம்மவருக்கு இதனை விளக்கப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. பால்மரக் காட்டில் ஒருத்திக்கு நிரை ஒதுக்கி, மாதத்தின் முதல் நாள் வேலை முடிந்து அவள் பாலை நிறுக்க வரும்போது, ‘அடுத்த மாதம் முதல் இந்த நிரை வேறொருத்திக்கு. நீ இம்மாதம் முழுவதும் சீவிக்கொண்டிரு. பாலின் எடையை நாள்தோறும் எழுதிக்கொள்வோம். ஆனால் அவ்வெடைக்கும் எங்கள் தீர்மானத்துக்கும் சம்பந்தமில்லை’ என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? நிரையை மாற்றுவதற்கு நிர்வாகத்துக்கு அதிகாரம் இருக்கலாம். மாற்றத்துக்குக் காரணமும் இருக்கலாம். எடைபார்க்கும் தராசை முன்னே வைத்துக்கொண்டே, அத்தராசு வெறும் அலங்காரம் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதுதான் அநியாயம். லீக் பந்தயம் என்பது ஒரு வாக்குறுதி: ‘நீங்கள் ஆடுங்கள், ஆட்டம் உங்கள் இடத்தைச் சொல்லும்’ என்பதே அவ்வாக்குறுதி. அதை மாற்ற விரும்புவோர் பந்தயம் தொடங்குமுன் மாற்றலாம், முடிந்தபின் மாற்றலாம். ஆட்டம் நடுவிலிருக்கையில் மாற்றினால், அதன்பின் நடப்பது என்னவென்று ஆடுகிறவருக்கே விளங்காமற் போய்விடும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். ‘அந்தப் பருவத்தின் முடிவில் பெல்ஸ் எட்டாவது இடத்தில், கடைசியாகத்தானே நின்றது? அப்படியானால் தீர்மானம் சரியென்றுதானே ஏற்படுகிறது?’ என்று சிலர் கேட்பர். தண்டனையை முதலில் விதித்துவிட்டு, தண்டனை பெற்றவன் வாட்டத்தைக் காட்டி ‘இதோ குற்றத்துக்குச் சாட்சி’ என்பதை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது. கீழிறங்கப்போவது உறுதியென்று அறிந்த குழுவோடு எந்த நல்ல ஆட்டக்காரர் சேர வருவார்? எந்த வியாபாரி பணம் கொடுக்க முன்வருவார்? அன்றியும் கடைசி இடம் என்பது தகுதியின்மைக்கு அழியாத முத்திரையா என்பதற்கும் அதே பருவம் விடை சொல்லிற்று. 2011இலும் 2012இலும் இந்த லீக்கில் கடைசியாக நின்ற குழு லிவர்பூல். அவ்விரண்டு ஆண்டும் டான்காஸ்டர் அதற்கு மேலேதான் இருந்தது. லிவர்பூலை யாரும் இறக்கவில்லை. பொருளும் புதிய ஆட்டக்காரர்களும் வந்து சேர, அதே லிவர்பூல் 2013இல் வாகை சூடியது. கடைசியில் நிற்பவருக்கு அவகாசமும் கைத்துணையும் கிடைத்தால் முதலிடத்துக்கு வரலாம் என்பதற்கு இதனினும் நல்ல அத்தாட்சி வேண்டுமோ?

இனி, நம் மூலக் கேள்விக்கு வருவோம். பலன் போய்விட்டதென்று தெரிந்தபின் அப்பெண்கள் ஏன் ஆட வேண்டும்? ஆடியதில் அர்த்தம் உண்டா?

உண்டு என்பதே நம் துணிபு. ஆனால் அந்த அர்த்தம் உபதேசிகள் சொல்லும் அர்த்தமன்று. அந்த லிவர்பூல் வாகையையே எடுத்துக்கொள்வோம். பருவத்தின் இறுதி நாளில் பிரிஸ்டல் குழுவை வென்றே லிவர்பூல் அதைப் பெற்றது. அவ்வளவு நெருங்கிய போட்டி அது. எட்டுக் குழுக்கள் ஒவ்வொன்றோடும் இருமுறை மோதும் பந்தயத்தில், ஒரு குழு மனம் வெறுத்து ஆட்டத்தைக் கைவிட்டால், அதனோடு மோதுகிறவர்களின் புள்ளிகளெல்லாம் கள்ளப் புள்ளிகளாகிவிடும். முதலிடத்தின் மெய்ம்மை கடைசி இடத்தின் நேர்மையைப் பொறுத்தது. தனக்கென்று ஒன்றும் மிஞ்சாத குழு பதினான்கு ஆட்டங்களையும் ஆடி முடித்ததனால்தான் பிறர் தலையில் ஏறிய கிரீடம் பொன்னாக இருந்தது. வீட்டின் உச்சியைப் புகழ்வோர் பலர். மண்ணுக்குள் கிடக்கும் அஸ்திவாரக் கல்லை நினைப்போர் அரியர். உலகத்தில் எத்தனையோ காரியங்கள் இவ்வாறே நடைபெறுகின்றன. கூலி குறைந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்வதாலேயே கூலி மிகுந்தவரின் காரியம் ஒழுங்காக நடக்கிறது.

அன்றியும், ஆட்டத்தில் அட்டவணையில் ஏறாத பலனும் உண்டு. 2009 முதல் 2014 வரை இக்குழுவைச் சேர்ந்திருந்த மில்லி பிரைட் என்னும் பெண், 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அணிக்குத் தலைவியாக நின்றார். இளையோரை வளர்க்கும் ஏற்பாட்டையும் ஓர் அளவுகோலாக வைத்து மதிப்பெண் போட்டவர்கள், இத்தகைய ஒருத்தி அந்த ஏழைக் குழுவில் வளர்ந்துகொண்டிருந்ததை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியும்? எண்ணத்தக்கதை மட்டும் எண்ணுகிற கணக்கு பொய்க்கணக்கன்று, குறைக்கணக்கு. குறைக்கணக்கை முழுக்கணக்கென்று கொண்டு தீர்ப்பெழுதும்போதுதான் தீமை விளைகிறது.

ஆகவே, பலன் போனபின்பும் ஆடி முடித்தது உயர்ந்த செயலே. அதனை நாம் போற்றுகிறோம். ஆனால் போற்றுகிற வாய்க்கும் ஒரு தகுதி வேண்டும். பறித்தவரும், பறிப்பதைப் பார்த்துப் பேசாதிருந்தவரும் கூடிக்கொண்டு, ‘ஆகா, என்ன பொறுமை! என்ன கடமையுணர்ச்சி!’ என்று கைதட்டினால், அது புகழ்ச்சியாகுமா? முதலில் பலனை எடுத்துக்கொண்டார்கள். இப்போது ‘எடுத்தது தவறு’ என்று கேட்கும் உரிமையையும் மாலைக்குள் வைத்துக் கட்டி எடுத்துக்கொள்கிறார்கள் என்றே நாம் சொல்லுவோம். துறவு என்பது உள்ளவர் விடுவது. கையில் இருந்ததைப் பிறர் எடுத்த பிறகு அதற்குத் துறவு என்று பெயர் வைப்பது, எடுத்தவருக்குச் செய்யும் உதவியேயன்றி இழந்தவருக்குச் செய்யும் மரியாதையன்று. அப்பெண்கள் ஆடவும் ஆடினார்கள், மேல்முறையீடும் செய்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் அவர்கள் கடமையைக் காட்டிற்று. முறையீடு அவர்கள் மானத்தைக் காட்டிற்று. முன்னதை மட்டும் புகழ்ந்து பின்னதை மறப்போர் பாதி உண்மை பேசுவோர்.

அதன்பின் நடந்ததையும் சொல்லிவிடுவோம். இரண்டாம் தரத்தில் 2014இல் பெல்ஸ் இரண்டாமிடம் பெற்றது. 2015இலும் இரண்டாமிடம் பெற்று, ரெடிங் குழுவோடு முதல் தரத்துக்கு ஏறியது. ஆட்டத்தின் வழியாகவே பழைய இடத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்று நாம் மகிழலாம். ஆனால் 2016இல் கடைசியாக நின்று மறுபடி இறங்கினார்கள். சிட்டி தோல்வியே காணாத அதே பருவம் அது. 2017–18இல் இரண்டாம் தரத்தின் வாகையைச் சூடினார்கள். சூடியும், பணமில்லாமையால் அடுத்த பருவத்தில் அத்தரத்திலேயே ஆட இயலாமல் கீழ்லீக்குக்குப் போனார்கள். வென்றவர் இறங்குவது என்னும் விந்தையும் அவ்வாறு நிகழ்ந்தது. கதைகளில் வருவதுபோல் தருமம் இறுதியில் வென்றது என்று எழுத நமக்கும் ஆசைதான், நடந்தது அப்படியன்று.

அப்படியாயின் நாம் கற்றுக்கொள்வது என்ன? தருமம் தானாக வெல்லும் என்று காத்திருப்போர், தருமத்தின் வேலையை வேறு யாரோ செய்வார்கள் என்று நம்புகிறவர்களே. பணம் வேண்டியதுதான், வளர்ச்சியும் வேண்டியதுதான். ஆனால் விதியை ஆட்டத்துக்கு முன்னே சொல்லவேண்டும். அதனை எல்லோருக்கும் ஒன்றாக வைக்கவேண்டும். முன்பு வாயில் அடைக்கப்பட்டவர்களுக்குக் கணக்கெழுதும்போது அடைத்த கதவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இம்மூன்றையும் கேட்பது நன்றிகெட்டதனமும் அன்று, பேராசையும் அன்று.

தோழர்களே! பலனைக் கருதாதே என்று யாரேனும் உங்களுக்கு உபதேசிக்க வந்தால் அவரை வெறுக்க வேண்டாம். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஐயா, நாங்கள் கருதாத அந்தப் பலன் இப்போது யாரிடத்தில் இருக்கிறது?’ அவர் சொல்லும் விடையைக் கேட்டபின், அவர் உபதேசத்தைக் கொள்ளுவதா தள்ளுவதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அதுவரையில், எடுத்த வேலையை நேர்மையாகச் செய்து முடியுங்கள். செய்து முடித்த கையினாலேயே முறையீட்டையும் எழுதுங்கள்.